கருகிய மோட்டாரும் அறுபது மில்லிமீட்டர் விசிறியும்

காயில் கருகும் வாசனை எனக்குப் புதிதில்லை. அருப்புக்கோட்டையில் முப்பது வருடமாக மோட்டார் காயில் கட்டுகிறேன். விசைத்தறி மோட்டார், மாவு மில் மோட்டார், போர்வெல் சப்மெர்சிபிள் எல்லாம் கருகித்தான் என் பட்டறைக்கு வரும். கருகாவிட்டால் எனக்குச் சோறு இல்லை. ஆனால் திருச்சுழி போகும் வழியில் ஒரு கண்மாய்க் கரையில் நின்றபோது, நடுத்தண்ணீரில் மிதந்த என் சொந்தப் படகிலிருந்து அதே வாசனை காற்றில் வந்தது பாருங்கள், அன்றைக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது. பக்கத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர் மூக்கை உறிஞ்சிவிட்டு, "என்னண்ணே, வயர் கருகுதா?" என்றார்.

படகு எழுபது சென்டிமீட்டர் நீளம். ராமேஸ்வரம் விசைப்படகைப் பார்த்துச் செய்தது. உள்ளே சட்டமும் பிளைவுட்டும், மேலே ஃபைபர் பூச்சு, ரிமோட்டில் ஓடும். மோட்டார், டிரில் மிஷினில் வருகிற 775 ரகம். 12 வோல்ட்டில் சும்மா சுற்றினால் நிமிடத்துக்கு 12,000 சுற்று. படகு கனமாயிற்றே என்று அதற்கு அறுபது மில்லிமீட்டர் பித்தளை விசிறி மாட்டினேன். (புரொப்பெல்லரை நான் விசிறி என்றுதான் சொல்லுவேன்.) ஊரெல்லாம் கருகிய மோட்டாரைப் பார்த்து, "லோடு அதிகம் குடுத்துட்டீங்க" என்று சொல்லுகிறவன், சொந்தப் படகில் அதையே செய்தேன்.

இந்தக் காட்டில் படகா என்று கேட்கலாம். எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி. கரிசலும் சீமைக்கருவையும்தான் கண்ணுக்குத் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கை கொடுத்தால் கண்மாய் பெருகும். மாசி பிறக்கும்போது உள்வாயில் ஆடு மேயும். இடையில் கிடைக்கிற மூன்று மாதம்தான் எனக்குக் கடல். ஆனாலும் படகுக்கும் இந்த மண்ணுக்கும் ஒட்டே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தறியில் குறுக்கு நூலைக் கொண்டு ஓடுகிற நாடாவுக்கு அகராதியில் இன்னொரு பெயர் 'ஓடம்'. திருச்சுழி என்றால் பலருக்கு 1879-ல் அங்கே பிறந்த ரமண மகரிஷிதான் நினைவுக்கு வருவார். ஊர்ப் பெயருக்குச் சொல்லும் தலபுராணக் கதை வேறு: ஊரை மூழ்கடிக்க வந்த பிரளய வெள்ளத்தைச் சிவன் சூலத்தால் துளை போட்டுப் பூமிக்குள் இறக்கினாராம், தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே போனதாம். தண்ணீரைச் சுழற்றினால் அது ஒரு பக்கமாகப் போகும் என்கிற விஷயம் எங்களுக்குப் புராண காலத்திலேயே தெரியும் என்று நான் பெருமை பேசுவதுண்டு.

எனக்குப் படகு ஆசை வந்தது விருதுநகர் பங்குனிப் பொங்கல் பொருட்காட்சியில். தகரப் படகு, வயிற்றில் ஒரு சின்ன எண்ணெய் விளக்கு, பின்னால் இரண்டு குழாய், அண்டாத் தண்ணீரில் டப்டப்டப் என்று சுற்றிச் சுற்றி வரும். அதில் மோட்டாரும் கிடையாது, விசிறியும் கிடையாது. உள்ளே நீராவி ஆவதும் குளிர்வதுமாக, குழாயில் தண்ணீர் போய்ப் போய் வரும். தாமஸ் பியோ என்பவர் 1891-லேயே இங்கிலாந்தில் அதற்குக் காப்புரிமை கேட்டு மனுப் போட்டிருக்கிறார். ஏழே வருடம் கழித்து, 1898-ல் நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில், தொட்டித் தண்ணீரில் ஒரு படகை விட்டு, கம்பி எதுவும் இல்லாமல் ரேடியோ அலையாலேயே ஓட்டிக் காட்டினார் நிகோலா டெஸ்லா. நாங்கள் கட்டுகிற மூன்று ஃபேஸ் மோட்டாருக்கு மூலபுருஷர்களில் ஒருவர். ரிமோட்டில் காரும் விமானமும் ஓடாத காலத்தில் அவர் எடுத்துக்கொண்டது படகை. அதிலும் பேட்டரி, மோட்டார், விசிறிதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புதிதாகப் படகு செய்ய வருகிற பிள்ளைகள் முதலில் மோட்டாரை வாங்கிவிடுகிறார்கள். அப்புறம் பேட்டரி. கடைசியில் கடையில் இருக்கிற விசிறியில் ஒன்று. இது மாப்பிள்ளை பார்க்காமல் மண்டபம் பிடிக்கிற கதை. முதலில் படகின் எடை, நீளம். அது மெதுவாகப் போகிற படகா, பறக்கிற படகா என்கிற முடிவு. இரண்டாவது விசிறி. மூன்றாவதுதான் மோட்டார். காரணம், ஒரு மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்பது அதன் கையில் இல்லை. பின்னால் மாட்டியிருக்கிற விசிறி எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு இழுக்கும், தாங்கினாலும் தாங்காவிட்டாலும்.

இந்த இடத்தில் என் தொழிலறிவே எனக்கு எதிரியாயிற்று. கிணற்று மோட்டாரில் டெலிவரி வால்வை அடைத்தால் ஆம்ப்ஸ் குறையும். எந்த பிட்டரைக் கேட்டாலும் சொல்லுவார். பம்புக்குள் இருக்கிற இம்பெல்லர் தண்ணீரைப் பக்கவாட்டில் வீசுகிற ஜாதி. தண்ணீர் நகராவிட்டால் அதற்கு வேலை குறைவு. மழைக்காலத்தில் போர்வெல்லில் நீர்மட்டம் மேலேறியதும் சில மோட்டார்கள் திடீரென்று அதிக ஆம்ப்ஸ் இழுப்பதும் இதனால்தான். தூக்க வேண்டிய உயரம் குறைகிறது, தண்ணீர் கூடுதலாகக் கொட்டுகிறது, லோடு ஏறுகிறது. படகு விசிறி நேர் தலைகீழ். தண்ணீரை நேர் பின்னால் தள்ளுகிற ஜாதி அது. படகைக் கையால் பிடித்து நிறுத்தினால் ஆம்ப்ஸ் உச்சத்துக்குப் போகும். விட்டுவிட்டால், ஓட ஓடக் குறையும். நான் படகைப் பிடித்துக்கொண்டு சோதித்தபோது கிளாம்ப் மீட்டர் பூஜ்யம் காட்டியது. "ஆகா, லோடே இல்லை" என்று நினைத்துவிட்டேன். அது ஏ.சி. மட்டும் அளக்கிற மீட்டர். பேட்டரி டி.சி. கேலி செய்ய என் அக்கா மகன் அன்றைக்கு அருகில் இல்லை, நல்லவேளை.

விசிறிக்கு இரண்டு அளவு. ஒன்று விட்டம். இன்னொன்று பிட்ச். திருகாணி மரத்தில் ஒரு சுற்றுக்கு எவ்வளவு இறங்குமோ, அதுபோல விசிறி ஒரு சுற்றுக்குத் தண்ணீரில் எவ்வளவு முன்னேற வேண்டும் என்கிற கணக்கு. தண்ணீர் மரம் இல்லை, அதனால் வழுக்கும். கனமான படகில் பாதிக்குப் பாதி வழுக்கினாலும் ஆச்சரியமில்லை. பறக்கிற படகில் ஐந்தில் ஒரு பங்குக்குள் நிற்கும்.

முழுதாக மூழ்கிச் சுற்றும் விசிறிக்கு ஒரு கணக்கு உண்டு. இதைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம். ஒரே வடிவத்தில் இருக்கிற இரண்டு விசிறிகளில், சுற்று வேகம் மாறாமல் விட்டம் மட்டும் கூடினால், கேட்கிற சக்தி விட்டத்தின் ஐந்தாவது மடியில் ஏறும். 40 மில்லிமீட்டரை எடுத்துவிட்டு 50 போடுகிறீர்கள். பார்வைக்குக் கட்டைவிரல் நகத்தளவு வித்தியாசம். சக்தி மூன்று மடங்கு வேண்டும். சுற்று வேகத்துக்கு மூன்றாவது மடி: வேகத்தை இருபது சதவீதம் கூட்டினால் சக்தி முக்கால் மடங்கு கூடும். என் அறுபது மில்லிமீட்டர் விசிறியை 12,000 சுற்றில் ஓட்ட வேண்டுமென்றால் குதிரைசக்தி ஒன்றுக்கு மேல் வேண்டும். என்னிடம் இருந்ததோ கைக்குள் அடங்குகிற மோட்டார். அது சுற்ற முடியாமல் திணறியது, திணறிய சக்தியெல்லாம் சூடானது, வார்னிஷ் உருகியது.

பெரியவர்களும் இதில் பாடம் படித்தவர்கள்தான். 1837-ல் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் லண்டன் கால்வாய் ஒன்றில் திருகு விசிறிப் படகை ஓட்டிப் பார்த்தார். மரத்தில் செய்த நீளமான திருகு. ஓட்டத்தில் எதிலோ மோதிப் பாதி ஒடிந்து போயிற்று. படகு நிற்கும் என்று பார்த்தால் முன்னைவிட வேகமாக ஓடியது. 1894-ல் சார்லஸ் பார்சன்ஸ் 'டர்பினியா' என்ற நீராவிக் கப்பலைக் கட்டி, ஒரே விசிறியை மிகை வேகத்தில் சுற்றவிட்டார். கப்பல் எதிர்பார்த்த வேகத்தை எட்டவில்லை. விசிறியைச் சுற்றித் தண்ணீரே குமிழி குமிழியாகக் கொதித்து, பிடிமானம் போய்விட்டது. பிறகு மூன்று ஷாஃப்ட், ஒவ்வொன்றிலும் மூன்று விசிறி என்று ஒன்பது போட்டார். 1897-ல் விக்டோரியா மகாராணியின் வைரவிழாக் கடற்படை அணிவகுப்பில் அது புகுந்து ஓடிய ஓட்டத்தை எந்தப் படகாலும் பிடிக்க முடியவில்லை. நம் நாட்டில் விசாகப்பட்டினத்துக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் 500 மீட்டர் நீளத் தொட்டி இருக்கிறது. கப்பல் கட்டுவதற்கு முன்னால் அதன் குட்டி மாதிரியை இழுத்துப் பார்க்கிற இடம். 1872-ல் வில்லியம் ஃப்ரூட் இங்கிலாந்தில் டார்க்கீ ஊரில் தொடங்கி வைத்த வழக்கம் அது. ஆகவே குட்டிப் படகு வைத்து விளையாடுவது கிறுக்குத்தனம் என்று வீட்டில் சொன்னால் இதைச் சொல்லுங்கள். நான் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

அந்த ஃப்ரூட் கண்டுபிடித்த கணக்கில்தான் என் விசைப்படகு பிழைத்தது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிற கனமான படகு தன் முன்னால் ஒரு அலையை எழுப்பும். வேகம் கூடக்கூட அலை நீளும். அலை படகின் நீளத்துக்கு வந்துவிட்டால், படகு தான் வெட்டிய பள்ளத்தில் தானே உட்கார்ந்துகொள்ளும். அதற்கு மேல் எவ்வளவு சக்தி கொடுத்தாலும் பின்பக்கம் அமுங்குமே தவிர வேகம் பெரிதாக ஏறாது. நீர்க்கோட்டில் படகின் நீளத்தை மீட்டரில் எடுத்து, அதற்கு வர்க்கமூலம் கண்டு, ஒன்றேகாலால் பெருக்குங்கள். நொடிக்கு எத்தனை மீட்டர் என்று வந்துவிடும். என் படகின் நீர்க்கோடு 64 சென்டிமீட்டர். வர்க்கமூலம் 0.8. ஒன்றேகாலால் பெருக்கினால் நொடிக்கு ஒரு மீட்டர். கரையோரம் ஒரு ஆள் நடக்கிற வேகம்தான். ஒரு நடை வேகத்துக்கு 12,000 சுற்று எதற்கு?

பிட்ச் 35 மில்லிமீட்டர், விட்டம் 50, நாலு இதழ் விசிறி ஒன்று எடுத்தேன். பாதிக்கு மேல் வழுக்கும் என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு இரண்டு மீட்டருக்குச் சற்று மேலே திருக வேண்டும். நிமிடத்துக்கு 3,700 சுற்று. மோட்டாருக்கு ஒரு விதி வைத்திருக்கிறேன்: லோடில் ஓடும்போது சும்மா சுற்றுகிற வேகத்தில் முக்கால்பங்காவது இருக்க வேண்டும், அதற்குக் கீழே போனால் விசிறி பெரிது. அப்படியானால் சும்மா ஓட்டத்தில் 4,800 சுற்று உள்ள மோட்டார் வேண்டும். கடையில் தேடவில்லை. கருகிய அதே 775-ன் ஆர்மேச்சரை எடுத்து, கம்பியை மெல்லிசாக்கி, காயில் சுற்றை இரண்டரை மடங்கு ஆக்கிக் கட்டினேன். சுற்று கூடினால் வேகம் அதே கணக்கில் இறங்கும். காயில் கட்டுகிறவனுக்கு உள்ள ஒரே வசதி இதுதான். மற்றவர்கள் குறைந்த வேக மோட்டாராகப் பார்த்து வாங்கலாம், அல்லது பல்சக்கரமோ பெல்ட்டோ போட்டு வேகத்தை இறக்கலாம். பேட்டரி, யு.பி.எஸ்.ஸில் வருகிற 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர். இரண்டு கிலோ கனம். இந்தப் படகுக்கு எப்படியும் அடியில் பாரம் வேண்டும், பாரமே பேட்டரியாகிவிட்டது. தொட்டியில் பிடித்து நிறுத்தி, இந்தத் தடவை டி.சி. கிளாம்ப் மீட்டரில் பார்த்தேன்: 1.8 ஆம்ப்ஸ். டாக்கோமீட்டரில் 3,700. மோட்டாரின் சூடு வெதுவெதுப்போடு நின்றுவிட்டது. கண்மாயில் மூன்று மணி நேரத்துக்குக் குறைவில்லாமல் ஓடுகிறது.

அக்கா மகன் இதைப் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டான். "மாமா, இது நடந்து போகுது. எனக்குப் பறக்கணும்."

"பறக்கிறதுக்கு வேற கணக்கு மாப்ள."

அவன் படகு 65 சென்டிமீட்டர், ஒன்றரை கிலோவுக்குக் கீழே. அடிப்பக்கம் V வடிவம். வேகம் எடுத்தால் தண்ணீரின் மேலே ஏறி வழுக்கும், அலைக்கணக்கு அதைக் கட்டுப்படுத்தாது. பிரஷ் இல்லாத மோட்டார், 3660 ரகம். அதாவது 36 மில்லிமீட்டர் விட்டம், 60 நீளம். பெட்டியில் 2070 கே.வி. என்று போட்டிருந்தது. எங்கள் பாஷையில் கே.வி. என்றால் கிலோவோல்ட், தெருவில் போகிற லைனே 11 கே.வி. தான். நான் பதறிப்போனதைப் பார்த்து அவன் விழுந்து விழுந்து சிரித்தான். இங்கே அதன் பொருள் ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்பது. மூன்று செல் லித்தியம் பாலிமர் பேட்டரி 11.1 வோல்ட், பெருக்கினால் சும்மா ஓட்டத்தில் கிட்டத்தட்ட 23,000 சுற்று. பிரித்துப் பார்த்தால் உள்ளே எனக்குத் தெரிந்த ஆள்தான்: மூன்று ஃபேஸ், நடுவில் காந்தம். மூன்று வயரில் எந்த இரண்டை மாற்றினாலும் எதிர்ப்பக்கம் சுற்றும், கிணற்று மோட்டார் மாதிரியே. ஸ்டாரில் கட்டியதை டெல்டாவாக மாற்றினால் சுற்று 1.73 மடங்கு. இதைச் சொன்னதும் அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு நோட்டை எடுத்தான்.

அவன் வாங்கிய விசிறியில் எக்ஸ் 440 என்று எழுதியிருந்தது. முதல் நாலு, பிட்ச் விட்டத்தைப்போல் 1.4 மடங்கு என்பதற்கு, நாற்பது, விட்டம். பிட்ச் 56 மில்லிமீட்டர். லோடில் 18,000 சுற்று நின்றால் கணக்குப்படி மணிக்கு 60 கிலோமீட்டர், வழுக்கல் போக ஐம்பதுக்குப் பக்கம். இந்த விசிறி பாதி தண்ணீருக்கு வெளியே சுற்றுவது. அதனால்தான் மோட்டார் பிழைக்கிறது. அதையே முழுக்க மூழ்குகிற படகில் மாட்டினால் என் கதை ஆகிவிடும். இரண்டு இதழ்தான். இதழ் கூடினால் பிடிமானம் உண்டு, அதிர்வு குறையும், பார்க்கவும் அழகு. வேகத்துக்கு இரண்டு போதும். வேகத்தைக் கட்டுப்படுத்துகிற ஈ.எஸ்.சி.யை மட்டும் இழுக்கிற ஆம்ப்ஸைவிட ஒன்றரை மடங்காக வாங்கச் சொன்னேன். மோட்டாரைத் தண்ணீர்க் குழாய் சுற்றிக் குளிர்விக்கிறது. மார்கழி வெயிலுக்கே எங்கள் ஊரில் அது வேண்டும்.

இவ்வளவு கணக்குப் போட்டும் ஷாஃப்ட் கோணலாக இருந்தால் எல்லாம் வீண். விசிறி இல்லாமல் ஷாஃப்டை மட்டும் இணைத்து ஓட்டி ஆம்ப்ஸ் பாருங்கள். சும்மா மோட்டார் இழுத்ததைவிட வெகுவாக ஏறினால் கப்ளிங் நேர்கோட்டில் இல்லை. ஷாஃப்ட் ஓடுகிற குழாய்க்குள் கிரீஸ் நிரம்ப இருக்க வேண்டும்; உராய்வுக்கும் அதுதான், தண்ணீரை உள்ளே விடாமல் இருப்பதற்கும் அதுதான். கரிசல் கண்மாய்த் தண்ணீர் கலங்கலானது. வண்டல் உள்ளே போனால் பித்தளைப் புஷ்ஷை அரம் போல் அராவிவிடும். நாலு தடவை ஓட்டினால் ஒரு தடவை பழைய கிரீஸைத் தள்ளி வெளியேற்றுகிறேன்.

பாசிதான் இங்கே பெரிய எதிரி. வேலம்பாசி விசிறியில் சுற்றிக்கொண்டால், படகைக் கையால் பிடித்து நிறுத்தியதைவிட மோசம். படகு நின்றதும் பிள்ளைகள் ரிமோட்டை இன்னும் முழுதாக அழுத்துவார்கள். அந்தப் பத்து நொடியில் மோட்டார் போய்விடும். படகு நின்றால் கையை எடுங்கள், இரண்டு நொடி ரிவர்ஸ் கொடுத்துப் பாருங்கள், அப்படியும் அசையாவிட்டால் விட்டுவிடுங்கள். காற்றே கரைக்குக் கொண்டுவரும். பேட்டரி வயரில் ஒரு ஃபியூஸ் போடுவது ஐந்து ரூபாய் வேலை. என் முதல் படகில் நான் அதையும் போடவில்லை.

இறங்கி எடுக்கலாமே என்று தோன்றும். இறங்காதீர்கள். கரிசல் சேறு முழங்காலைப் பிடித்தால் விடாது. முந்தின கோடையில் மண் அள்ளிய குழி எங்கே இருக்கிறது என்று மேலிருந்து தெரியாது. கருவை முள் வேறு. மீன்பிடி நரம்பின் நுனியில் பந்தைக் கட்டி வீசி இழுப்பதுதான் எங்கள் வழி. கண்மாயை மீன் ஏலம் எடுத்தவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பறவை இறங்கியிருக்கிற பக்கம் வேகப்படகை ஓட்டாதீர்கள். அவற்றுக்கும் அந்த மூன்று மாதம்தான்.

படிக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று. என்.சி.சி. கடற்படைப் பிரிவின் அகில இந்திய நவ் சைனிக் முகாமில் கப்பல் மாதிரி செய்வதும் ஒரு போட்டி. கல்லூரியில் அந்தப் பிரிவு இருந்தால் சேர்ந்துகொள்ளுங்கள். கடற்கரையில் பிறந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

இப்போது மாசி. கண்மாயில் முழங்கால் தண்ணீர்கூட இல்லை. இரண்டு படகும் பட்டறைச் சுவரில் தொங்குகின்றன. கோடைக்குப் படகை ஏறக்கட்டுகிறவர்கள் லித்தியம் பேட்டரியை முழுதாக ஏற்றி வைத்துவிடாதீர்கள், செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி, தகரக் கூரையின் சூடு படாத இடத்தில் வையுங்கள். ஐப்பசி மழைக்கு எடுக்கும்போது உப்பாமல் இருக்கும்.